சோதனைத் தோட்டம் இல்லாத மரபணு வரைபடம்

மரத்தை நட்டு, வளர்த்து, அளந்து, அதன்பின் தேர்ந்தெடுக்கும் முறை காலாவதியாகிவிட்டது என்ற கருத்து மர இனவிருத்தித் துறையில் இன்று ஏறத்தாழ எழுதப்படாத விதியாகிவிட்டது. கன்றின் இலையைக் கிள்ளி டி.என்.ஏ. எடுத்தால் போதும், அதிலுள்ள மூலக்கூறு குறிப்பான்களைக் கொண்டு எந்தக் கன்று நெடிதாக வளரும், எதன் கட்டை கனமாக இருக்கும், எது நோயைத் தாங்கும் என்பதை நாற்றங்காலிலேயே சொல்லிவிடலாம், எனவே 15 ஆண்டு, 20 ஆண்டு என நிலத்தையும் ஆட்களையும் முடக்கும் சோதனைத் தோட்டங்களுக்கு இனிச் செலவு செய்ய வேண்டியதில்லை. இதுதான் அந்தக் கருத்து. இதன் முற்பகுதியில் ஓரளவு உண்மை இருக்கிறது. அதிலிருந்து பிறப்பதாகச் சொல்லப்படும் முடிவு தவறு. பணம் எங்கே போகும், எந்த நிலம் கைவிடப்படும், எந்தப் பணியிடம் நிரப்பப்படாமல் கிடக்கும் என்பதையெல்லாம் அந்த முடிவுதான் தீர்மானிக்கிறது. அதனால் அதை ஒவ்வொரு படியாக மறுத்தாக வேண்டும்.

எதிர்த்தரப்பின் வாதம் அற்பமானதன்று. நெல்லில் ஆண்டுக்கு இரண்டு தலைமுறை பார்த்துவிடலாம். ரப்பரில் ஒரு கலப்பைச் செய்து, அதிலிருந்து ஒரு குளோனைப் பயிரிடலாம் என்று பரிந்துரைப்பதற்குள் 25 முதல் 30 ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. பைன் மரத்தில் மகரந்தம் சேர்ந்த பிறகு கூம்பு முற்றவே இரண்டாம் ஆண்டு ஆகிவிடும். கட்டையின் அடர்த்தியையும் காகிதக்கூழ் விளைச்சலையும் ஆயிரக்கணக்கான மரங்களில் அளப்பது பெருஞ்செலவு. இனவிருத்தியின் அடிப்படைக் கணக்கும் அவர்கள் பக்கமே நிற்பதாகத் தோன்றுகிறது: தேர்வின் கடுமையையும் துல்லியத்தையும் மரபு வேறுபாட்டின் அளவையும் பெருக்கித் தலைமுறைக் காலத்தால் வகுத்தால் வருவதே ஆண்டு முன்னேற்றம். காலம் பாதியானால், துல்லியம் சற்றுக் குறைந்தாலும் லாபமே. கருவிகளும் வேகமாக வளர்ந்தன. 1994-ல் டாரியோ கிராட்டபாலியாவும் ரொனால்டு செடராஃபும் யூகலிப்டஸ் கிராண்டிஸ், யூகலிப்டஸ் யூரோபில்லா என்ற இரண்டு தைலமர இனங்களுக்கும் பிணைப்பு வரைபடம் வரைந்து, தூய வழி இல்லாத மரங்களிலும் வரைபடம் சாத்தியம் என்று காட்டினார்கள். 2006-ல் பாப்லார் மரத்தின் முழு மரபணுத்தொகுதி வெளிவந்தது. 2014-ல் யூகலிப்டஸ் கிராண்டிஸின் தொகுதி வெளிவந்தது. அடுத்த ஆண்டே ஏறத்தாழ 60,000 குறிப்பான்களை ஒரே சில்லில் படிக்கும் வசதி தைலமரத்துக்கு வந்துவிட்டது. இந்தச் சாதனைகள் எதையும் நான் குறைக்கப் போவதில்லை. இவை இருப்பதால் தோட்டம் தேவையில்லை என்ற தாவலை மட்டுமே மறுக்கிறேன்.

முதல் மறுப்பு: வரைபடம் யாருடையது? குறிப்பான் என்பது பெரும்பாலும் பண்பை உண்டாக்கும் மரபணு அன்று. அதன் அருகில் கிடக்கும் ஓர் அடையாளம். ஓர் ஊரில் பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த வீடு வைத்தியர் வீடு என்றால் அந்த ஊருக்குள் அந்த அடையாளம் உதவும். பக்கத்து ஊரிலும் பிள்ளையார் கோயில் இருக்கும். அடுத்த வீட்டில் வேறு யாராவது குடியிருப்பார்கள். நெல், மக்காச்சோளம் போன்றவற்றில் தன்மகரந்தச் சேர்க்கையால் தூய வழிகளை உண்டாக்கி வைத்திருப்பதால் அடையாளமும் மரபணுவும் நெடுந்தூரம் சேர்ந்தே பயணம் செய்கின்றன. காட்டு மரங்கள் பெரும்பாலும் அயல்மகரந்தச் சேர்க்கையில் வாழ்பவை. தம்முள் கலந்தால் வலுவிழந்துபோகும் என்பதால் அவற்றில் தூய வழி உண்டாக்குவதும் அரிது. எண்ணற்ற தலைமுறைகளாகக் குரோமோசோம்கள் வெட்டுண்டு ஒட்டி வந்திருப்பதால் அடையாளத்துக்கும் மரபணுவுக்கும் இடையிலான சேர்க்கை மிகக் குறுகிய தூரத்திலேயே அறுந்துவிடுகிறது. அமெரிக்கத் தென்மாநிலங்களின் லோப்லாலி பைனில் இந்தச் சேர்க்கை சுமார் 2,000 எழுத்துத் தொலைவுக்குள் கரைந்துவிடுவதை 2004-ல் வந்த ஆய்வு காட்டியது. அந்த மரத்தின் மரபணுத்தொகுதி ஏறத்தாழ 2,200 கோடி எழுத்துகள். மனிதனுடையதைப்போல் சுமார் ஏழு மடங்கு. 2,000 எழுத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் ஒரு கோடிக்கு மேற்பட்ட குறிப்பான்கள் வேண்டும். அதைவிடக் குறைவான குறிப்பான்களைக் கொண்டு ஒரு குடும்பத்தில் வரைந்த வரைபடம் அந்தக் குடும்பத்துக்கே உரியது. அடுத்த குடும்பத்தில் அதே குறிப்பான் எதிர்ப்பக்கத்து மரபணு வடிவத்தோடு சேர்ந்திருக்கலாம். அதை நம்பித் தேர்ந்தெடுத்தால் மெலிந்த மரத்தைத்தான் தேர்ந்தெடுப்போம். எந்தக் குடும்பத்தில் எந்தப் பக்கம் என்பதை அறிய ஒரே வழி, அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளை நட்டு அளப்பது.

இரண்டாவது மறுப்பு: கண்டதாகச் சொல்லப்பட்ட பெரிய மரபணுக்கள் எங்கே போயின? 1990களின் ஆய்வுகளில் வளர்ச்சியையும் அடர்த்தியையும் ஆளும் இடங்கள் கைவிரலில் எண்ணும் அளவில்தான் தெரிந்தன. ஒவ்வொன்றும் பெருவிளைவு உடையதாகத் தோன்றியது. வில்லியம் பீவிஸ் மக்காச்சோளத்தை முன்வைத்து நடத்திய கணினிச் சோதனை இதன் காரணத்தை அம்பலப்படுத்தியது. 100 பிள்ளைகளை மட்டும் வைத்துத் தேடினால், பற்பல சிறு இடங்களில் தற்செயலாகப் பெரிதாகத் தெரிபவை மட்டுமே வலையில் சிக்கும். அவற்றின் விளைவும் உண்மையைவிடப் பன்மடங்கு மிகையாகக் கணக்கிடப்படும். ஆயிரம் பிள்ளைகள் இருந்தால்தான் மதிப்பு உண்மைக்கு அருகில் வரும். மரத்தில் ஆயிரம் பிள்ளைகள் என்றால் பெரிய சோதனைத் தோட்டம் என்று பொருள். இதற்கும் முன்பே, 1992-ல், ஸ்டீவன் ஸ்ட்ராஸ், ரஸ்ஸல் லாண்டே, ஜீன் நம்கூங் மூவரும் மர இனவிருத்தியில் குறிப்பான்வழித் தேர்வின் வரம்புகளை ஒரு கட்டுரையில் தெளிவாக எழுதிவிட்டார்கள். அந்த எச்சரிக்கை கேட்கப்படவில்லை. பின்னர் பல்லாயிரம் மாறுபாடுகளைத் தேடிய ஆய்வுகளில் ஓர் இடம் விளக்கும் வேறுபாடு பெரும்பாலும் 5 விழுக்காட்டுக்கும் கீழேதான் நின்றது.

இந்தப் பிழையின் விலை என்ன என்று கேட்பவர்கள் அமெரிக்கச் செஸ்ட்நட் மரத்தின் கதையைப் பார்க்க வேண்டும். 1904-ல் நியூயார்க் உயிரியல் பூங்காவில் முதலில் கவனிக்கப்பட்ட ஒரு பூஞ்சைக் கருகல் நோய், அரை நூற்றாண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்களை அழித்தது. சீனச் செஸ்ட்நட் அந்த நோயைத் தாங்கும். மக்காச்சோள மரபியலாளர் சார்லஸ் பர்ன்ஹாம் ஒரு வழி சொன்னார்: இரண்டையும் கலந்து, கிடைத்ததை மீண்டும் மீண்டும் அமெரிக்க மரத்தோடு பின்கலப்புச் செய்துகொண்டே போனால், 16-ல் 15 பங்கு அமெரிக்க மரமாகவும் நோய் தாங்கும் மரபணுக்களை மட்டும் சீன மரத்திலிருந்து வைத்திருப்பதாகவும் ஓர் இனம் கிடைக்கும். தாங்குதிறன் இரண்டு மூன்று மரபணுக்களில் அடங்கியிருந்தால்தான் இந்தத் திட்டம் வெல்லும். 1983-ல் தொடங்கிய அமெரிக்கச் செஸ்ட்நட் அறக்கட்டளை இந்த வழியில் இறங்கியது. 1997-ல் வந்த மரபணு வரைபடம் தாங்குதிறனுக்குரிய மூன்று இடங்களைக் காட்டி அந்த நம்பிக்கைக்கு முத்திரை வைத்தது. அதன்பின் ஆண்டுக்கணக்கில் கன்றுகள் வளர்க்கப்பட்டன. தண்டில் பூஞ்சையைச் செலுத்தி, புண் எவ்வளவு பரவுகிறது என்று அளக்கப்பட்டது. அந்த அளவீடுகளையும் முழுத் தொகுதிக் குறிப்பான்களையும் சேர்த்துப் பார்த்த 2020-ஆம் ஆண்டு ஆய்வு, தாங்குதிறன் பல மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது என்ற முடிவுக்கு வந்தது. அமெரிக்க மரத்தின் பங்கு கூடக்கூடத் தாங்குதிறன் குறைந்துகொண்டே வந்தது. வரைபடம் மூன்று என்றது. புண்பட்ட தண்டுகள் பல என்றன. இதில் கவனிக்க வேண்டியது, திருத்தம் எங்கிருந்து வந்தது என்பதை. நோயை ஏற்றி அளந்து வைத்திருந்த மரங்கள் இல்லையென்றால் 1997-ன் வரைபடம் இன்றும் உண்மையாகவே நின்றுகொண்டிருக்கும்.

மூன்றாவது மறுப்பு: புதிய முறை பழைய குறையைத் தீர்த்துவிட்டதா? தனித்தனி மரபணுவைத் தேடிய காலம் போய்விட்டது, இப்போது முழுத் தொகுதித் தேர்வு வந்துவிட்டது என்பார்கள். மியூவிசன், ஹேய்ஸ், கோடார்ட் மூவரும் 2001-ல் முன்வைத்த இந்த முறை உண்மையிலேயே சிறந்தது. எந்த மரபணு என்று கேட்காமல், எல்லாக் குறிப்பான்களின் சிறுசிறு விளைவுகளையும் ஒருசேர மதிப்பிட்டு, ஒரு கன்றின் மொத்த மதிப்பைக் கணிக்கிறது. ஆனால் எதைக் கொண்டு மதிப்பிடுகிறது? டி.என்.ஏ.வும் படிக்கப்பட்டு, வயலில் உயரமும் விட்டமும் அடர்த்தியும் அளக்கப்பட்ட ஒரு பயிற்சித் தொகுதியைக் கொண்டு. அது சோதனைத் தோட்டத்தின் மரங்களே. தோட்டத்தை ஒழித்துவிட்டு அதன் பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

மேலும், சில ஆயிரம் குறிப்பான்களே கொண்ட இம்முறை பைன் போன்ற பெருந்தொகுதி மரங்களில் எப்படி வேலை செய்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு கோடி குறிப்பான் வேண்டிய இடத்தில் ஐயாயிரம் எப்படிப் போதுமானது? உறவுமுறையால். பயிற்சித் தொகுதியின் மரங்களும் கணிக்கப்படும் கன்றுகளும் ஒரே சில பெற்றோரின் வழிவந்தவையாக இருக்கும்போது குரோமோசோமின் நீண்ட துண்டுகள் அறுபடாமல் இறங்கி வருகின்றன. யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதையே குறிப்பான்கள் பெரும்பாலும் அளக்கின்றன. அதனால்தான் உறவு விலகினால் கணிப்பும் விழுகிறது. 2012-ல் பிரேசிலின் இரண்டு தைலமரத் தொகுதிகளில் செய்த ஆய்வில், ஒன்றில் உருவாக்கிய கணிப்பு மாதிரி அந்தத் தொகுதிக்குள் நன்றாக வேலை செய்தது, மற்றதற்குப் பயன்படவில்லை. அதே ஆண்டு லோப்லாலி பைனில் வந்த ஆய்வு இன்னொரு எல்லையைக் காட்டியது: ஒரே இனவிருத்தி வட்டாரத்துக்குள் மாதிரி தாங்கியது, வட்டாரம் மாறினால் தளர்ந்தது. இளவயது அளவீடுகளால் பயிற்றப்பட்ட மாதிரி ஆறு வயது மரத்தின் வளர்ச்சியைச் சரியாகக் கணிக்கவில்லை. ஆறு வயதையே எட்டாத கணிப்பை வைத்து இருபத்தைந்து வயதில் வெட்டப்போகும் மரத்தைத் தேர்ந்தெடுப்பதை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன். ஒவ்வொரு தலைமுறையிலும் குரோமோசோம் துண்டுகள் மேலும் உடைவதால் மாதிரியைப் புதுப்பிக்கப் புதிய அளவீடுகள் வேண்டும். ஆக, முழுத் தொகுதித் தேர்வை உண்மையாகவே நம்புகிறவர் இன்றைக்கு இருப்பதைவிட அதிகமான தோட்டங்களைக் கேட்க வேண்டும். தரமாக அளக்கப்பட்ட, பல வட்டாரங்களில் நடப்பட்ட தோட்டங்களைக் கேட்க வேண்டும்.

நான்காவது மறுப்பு: எதிரி அசையாமல் நிற்பானா? ஒரே பெரிய மரபணு ஆளும் நோய்த் தாங்குதிறன்தான் குறிப்பானுக்கு மிகவும் தோதான இடம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கலிஃபோர்னியாவின் சுகர் பைனில் வெண்பைன் துரு நோயைத் தடுக்கும் ஒற்றை மரபணு இருப்பதை போஹன் கின்லாக் 1970-ல் காட்டினார். 1995-ல் அதற்கு அருகிலுள்ள குறிப்பான்களும் கிடைத்தன. ஆனால் அதற்கு வெகுமுன்னே, 1970களிலேயே, ஹாப்பி கேம்ப் என்ற இடத்தின் சோதனை நடவில் அந்த மரபணு உள்ள மரங்களே துருவில் மடியத் தொடங்கிவிட்டன. மரபணுவை வெல்லும் புதிய துரு இனம் உருவாகியிருந்தது. அந்த மரங்களின் டி.என்.ஏ.வில் எந்த மாற்றமும் இல்லை. குறிப்பான் அன்றும் இன்றும் மரபணு இருக்கிறது என்றே சொல்லும். அது இன்னும் வேலை செய்கிறதா என்பதை மண்ணில் நிற்கும் மரம் மட்டுமே சொன்னது. அதே ஹாப்பி கேம்ப் நடவுதான் பின்னர், நோய் ஏறினாலும் மெதுவாகப் பரவவிடும் பலமரபணுத் தாங்குதிறனைத் தேர்ந்தெடுக்கும் களமாகவும் ஆனது. ஐரோப்பாவிலும் இதே பாடம் கிடைத்தது. பெல்ஜியத்தில் உருவான 'போப்ரே' என்ற பாப்லார் குளோன் வட பிரான்சில் பரவலாக நடப்பட்டிருந்தது. 1994-ல் அதன் தாங்குதிறன் மரபணுவை உடைத்த துரு இனம் தோன்றி அந்தத் தோட்டங்களைச் சீரழித்தது. மரம் பத்தாண்டுகளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கிறது. அந்தக் காலத்துக்குள் பூஞ்சை எத்தனையோ தலைமுறைகளைக் கடந்துவிடுகிறது. ஒருமுறை படித்த டி.என்.ஏ. அறிக்கையை அத்தனை ஆண்டுகளுக்கும் உத்தரவாதமாக எடுத்துக்கொள்வது விவசாயியின் நிலத்தைப் பணயம் வைப்பதாகும்.

ஐந்தாவது மறுப்பு: மிச்சமாகும் காலம் உண்மையில் எவ்வளவு? நாற்றிலேயே தேர்ந்தெடுத்துவிட்டாலும், அந்த நாற்று பூத்தால்தான் அடுத்த கலப்பு. பூக்க எட்டு ஆண்டு ஆகும் மரத்தில், நாற்றுப் பருவத் தேர்வு எட்டு ஆண்டை ஒழித்துவிடாது. முதிர்ந்த மரத்தின் உச்சியில் ஒட்டுக்கட்டிப் பூக்க வைப்பது, பாக்லோபியூட்ரசால் கொடுத்துத் தைலமரத்தைச் சீக்கிரம் பூக்கவைப்பது போன்றவைதான் அங்கே காலத்தைக் குறைக்கின்றன. அவை குறிப்பானின் சாதனைகள் ஆகா. இன்னொரு பக்கம், குறுகிய காலத்தில் வெட்டும் மரங்களில் மிச்சம் பிடிக்க அதிகக் காலமே இல்லை. பிரேசிலில் காகிதக்கூழுக்கான தைலமரம் ஆறேழு ஆண்டில் வெட்டப்படுகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரை மணலில் சவுக்கு நான்கைந்து ஆண்டில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. சவுக்கில் இரண்டு மூன்று ஆண்டு அளவீடே குளோனைத் தரம்பிரிக்கப் பெருமளவு போதும். அதுமட்டுமன்று, தண்டுக்குச்சியிலிருந்து பெருக்கும் குளோனில் மரபணுக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து தரும் மொத்த விளைவும் அப்படியே கிடைக்கிறது. பல இடங்களில் நட்ட குளோன் சோதனை அந்த மொத்தத்தையும் நேரடியாக அளந்துவிடும். குறிப்பான் மாதிரி பெரும்பாலும் ஒவ்வொரு மரபணுவும் தனித்துத் தரும் பங்கையே கூட்டிச் சொல்லும். காலக் கணக்கை வைத்துத் தோட்டத்தைக் கைவிடச் சொல்பவர்கள், காலம் பெருமளவு மிச்சமாகும் மரம் எது என்று பெயர் சொல்லிக் காட்டட்டும். அப்படிக் காட்டும் மரத்துக்கு மட்டும் அந்த வாதத்தைத் தனியே பரிசீலிக்கலாம். எல்லா மரத்துக்கும் ஒரே முழக்கம் பொருந்தாது.

ஆறாவது மறுப்பு, என் கணிப்பில் மிகவும் கடுமையானது: எதை இழந்தால் திரும்பப் பெற முடியாது? டி.என்.ஏ.வை உறைகலத்தில் வைத்துப் பத்தாண்டு கழித்துப் படிக்கலாம்; அப்போது செலவும் குறைந்திருக்கும், கருவியும் மேம்பட்டிருக்கும். இன்று நடாத தோட்டத்தின் இருபதாம் ஆண்டு அளவீட்டைப் பத்தாண்டு கழித்து எந்தப் பணத்தாலும் வாங்க முடியாது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1974-ல் இல்லிங்வொர்த் சோதனை என்று அறியப்படும் லாட்ஜ்போல் பைன் நடவு தொடங்கியது: 140 இடங்களிலிருந்து வந்த விதைகள், 60 சோதனை நிலங்கள். அன்று அதை நட்டவர்களின் நோக்கம் எந்த விதை எங்கே நன்றாக வளரும் என்று பார்ப்பது. பருவநிலை மாற்றம் என்ற கேள்வி அன்று திட்டத்தில் இல்லை. முப்பது ஆண்டுக்குப் பின்னர், வெப்பம் கூடும்போது இந்த மரம் எங்கே தழைக்கும், எங்கே தேயும் என்று ஆராய்ந்தவர்களுக்குக் கையில் கிடைத்த தரவு அதுதான். ஒரு விதை தன் ஊருக்கு அப்பால், வெப்பமான இடத்திலும் குளிரான இடத்திலும் முழுவயது வரை வளர்ந்து நின்ற சான்று வேறெங்கும் அத்தனை விரிவாகக் கிடையாது. 1974-ல் யாராவது இது பழைய முறை என்று அந்தச் செலவை நிறுத்தியிருந்தால், இன்று எத்தனை இலட்சம் குறிப்பான்களைப் படித்தாலும் அவற்றை எதனோடு ஒப்பிடுவது?

இங்கே எதிர்த்தரப்பு தன் வலிமையான சான்றைக் கொண்டுவரும்: கறவை மாடு. 2009 சனவரியில் அமெரிக்காவில் ஹோல்ஸ்டீன் காளைகளுக்கு முழுத் தொகுதிக் கணிப்பு அதிகாரபூர்வமானது. ஒரு காளையின் மகள்கள் பால் கறக்கும்வரை ஆண்டுக்கணக்கில் காத்திருந்த பழைய முறை சில ஆண்டுகளில் பின்தள்ளப்பட்டது, முன்னேற்றம் வேகமெடுத்தது. இது மறுக்க முடியாத வெற்றி. ஆனால் அந்த வெற்றியின் அடித்தளத்தைப் பாருங்கள். பல்லாண்டுகளாக இலட்சக்கணக்கான பசுக்களின் பாலளவு மாதந்தோறும் பதிவாகி வந்தது. கணிப்பு வந்த பிறகும் அந்தப் பதிவு நின்றுவிடவில்லை. ஹோல்ஸ்டீன் சில நூறுக்கும் குறைந்த முன்னோரின் வாரிசுகளைப்போல நெருங்கிய ஒற்றை இனம். அதனால் அடையாளமும் மரபணுவும் நெடுந்தூரம் சேர்ந்திருக்கின்றன. அவை வாழும் தொழுவமும் உண்ணும் தீவனமும் பெருமளவு ஒரேமாதிரியானவை. இந்த மூன்றும் நம் காட்டு மரங்களுக்கு இல்லை. மாட்டின் உதாரணத்திலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டென்றால், கணிப்பு முறைக்கு முன்னும் பின்னும் அளவீட்டை விடாமல் செய்தார்கள் என்பதைத்தான். மரத்துறையில் அதே உதாரணத்தைக் காட்டி அளவீட்டை நிறுத்தச் சொல்வது சான்றைத் தலைகீழாகப் படிப்பதாகும்.

பருவநிலை வேகமாக மாறுகிறது, தோட்டம் முதிரும்வரை காத்திருக்க நேரமில்லை என்ற இன்னொரு பதிலும் வரும். நேற்றைய மழையிலும் நேற்றைய வெயிலிலும் அளந்த மரங்களால் பயிற்றப்பட்ட மாதிரி நாளைய வறட்சியை எங்கிருந்து அறியும்? மாறும் பருவநிலைக்குத் தேவை, இன்றே வெப்பமாகவும் வறண்டும் உள்ள இடங்களில் நடப்பட்ட சோதனைகள். அவசரம் கூடக்கூட அந்த நடவை முந்திச் செய்ய வேண்டிய கட்டாயம்தான் கூடுகிறது.

அப்படியானால் குறிப்பான்களை ஒதுக்கிவிடலாமா? கூடாது. அவை மிகச் சிறப்பாகச் செய்யும் வேலைகள் உண்டு. பெரிய வாக்குறுதிகளின் நிழலில் அந்த வேலைகள் போதிய கவனம் பெறவில்லை என்பதே என் ஆற்றாமை. எண்ணெய்ப் பனையில் கொட்டையின் ஓட்டுத் தடிப்பை ஒரே மரபணு ஆள்கிறது என்பது 1941 முதலே தெரியும். தடித்த ஓடுள்ள டூராவையும் ஓடில்லாத பிசிஃபெராவையும் கலந்தால் மெல்லோடுள்ள டெனெரா; அது டூராவைவிடச் சுமார் 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தரும். 2013-ல் மலேசிய ஆய்வாளர்கள் அந்த மரபணுவையே அடையாளம் கண்டார்கள். அதற்கு முன், டெனெரா என்று விற்கப்பட்ட கன்றுகளில் கலந்துவிட்ட டூராவைக் கண்டுபிடிக்கக் காய்க்கும்வரை காத்திருக்க வேண்டும். கண்டபின்னும் 25 ஆண்டு நிற்கும் மரத்தை என்ன செய்வது? இப்போது நாற்றங்காலிலேயே இலையைச் சோதித்து ஒதுக்கிவிடலாம். ஒரு மரபணு, ஒரு தெளிவான கேள்வி, ஐயமற்ற பதில்.

இன்னும் அடிப்படையான வேலை, எந்த மரம் எது என்று சொல்வது. சுவீடன், பின்லாந்து நாடுகளின் ஸ்காட்ஸ் பைன் விதைத் தோட்டங்களில், தேர்ந்தெடுத்த மரங்களுக்குள் மட்டும் கலப்பு நடப்பதாக எண்ணியிருந்த இடத்தில், பல சமயம் பாதியளவு மகரந்தம் வெளியிலிருந்து வந்ததைக் குறிப்பான்களே காட்டின. தோட்டத்தின் மேம்பாட்டுக் கணக்கெல்லாம் அதனால் திருத்தப்பட வேண்டியதாயிற்று. பல தந்தையரின் மகரந்தத்தைக் கலந்து தூவிவிட்டு, பிள்ளைகளை நட்டு அளந்து, சிறந்தவற்றுக்கு மட்டும் தந்தையைக் குறிப்பானால் கண்டறியும் முறையைப் பைன் இனவிருத்தியாளர்கள் வகுத்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் யூசரி எல்-கசாபி இதை மேலும் நீட்டி, திட்டமிட்ட கலப்பே செய்யாமல் இயல்பாக விளைந்த பிள்ளைகளிலிருந்து வம்சாவளியைக் குறிப்பானால் மீட்டெடுத்துத் தேர்வு நடத்தும் வழியைக் காட்டினார். இவற்றில் ஆய்வகம் மிச்சப்படுத்துவது கலப்பு வேலையின் செலவை. தோட்டத்து அளவீடு முழுமையாக அப்படியே நிற்கிறது. செஸ்ட்நட்டிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. மரபணு மாற்றம் செய்யப்பட்ட 'டார்லிங் 58' என்று ஆண்டுக்கணக்கில் வளர்க்கப்பட்டவை உண்மையில் 'டார்லிங் 54' என்ற வேறொரு வழியைச் சேர்ந்தவை என்று 2023-ல் டி.என்.ஏ. சோதனை காட்டியது. தோட்டங்களில் அந்த மரங்களின் வளர்ச்சியும் தாங்குதிறனும் எதிர்பார்த்தபடி இல்லாததும் அதோடு சேர, செஸ்ட்நட் அறக்கட்டளை அந்த ஆண்டு டிசம்பரில் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. அடையாளத்தைக் குறிப்பான் சொன்னது, தகுதியைத் தோட்டம் சொன்னது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரிவினை நேரடிப் பொருளுடையது. கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவனம் வெளியிட்ட சவுக்கு, தைலமரக் குளோன்கள் உட்படப் பல குளோன்கள் நாற்றங்கால்கள் வழியே விவசாயிகளிடம் போகின்றன. நாற்றங்காலில் நிற்கும் சவுக்குக் கன்றைக் கண்ணால் பார்த்து அது எந்தக் குளோன் என்று சொல்வது தேர்ந்தவர்களுக்கும் கடினம். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் மரங்களுக்கு 18 ஆண்டுகள் வரை பாதுகாப்புத் தருகிறது. அந்த உரிமையை நிலைநாட்டவும், ஏமாற்றப்பட்ட விவசாயி தன் இழப்பை நிறுவவும், ஒரு குளோனை இன்னொன்றிலிருந்து ஐயமின்றிப் பிரித்துக் காட்ட வேண்டும். சில பத்துக் குறிப்பான்கள் அதற்குப் போதும். எந்தக் குளோன் செம்மண்ணில் நிற்கும், எது கடற்கரை உப்புக்காற்றைத் தாங்கும், எது பட்டைக் கொப்புள நோயில் வாடும் என்ற கேள்விகளுக்கு அந்தச் சில பத்துக் குறிப்பான்களும் பதில் சொல்லா, 60,000-மும் தாமாகச் சொல்லிவிடா. அவற்றுக்குப் பல மாவட்டங்களில் நிற்கும் நடவு வேண்டும்.

ஆகவே ஒரு மர இனவிருத்தித் திட்டத்துக்குப் பணம் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, எத்தனை குறிப்பான்களைப் படிப்பீர்கள் என்பதன்று. எந்த மரங்களில், எத்தனை இடங்களில், எந்த வயதுவரை அளந்த தரவோடு அவற்றை ஒப்பிடப் போகிறீர்கள் என்று கேட்க வேண்டும். அதற்கு விடை இல்லாத திட்டத்துக்கு ஆய்வகக் கருவி வாங்கித் தரக் கூடாது. இப்போது நிற்கும் சோதனைத் தோட்டங்களைப் பொறுத்தவரை இந்த ஆண்டே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. அவற்றின் நடவு வரைபடங்களையும் அளவீட்டுப் பதிவேடுகளையும் தேடியெடுத்துச் சரிபார்க்க வேண்டும். எந்த வரிசையில் எந்த எண் மரம் என்ற குறிப்பு அழிந்துவிட்ட இடங்களில் அதைக் குறிப்பான்களைக் கொண்டே மீட்க வேண்டும். கோடரி விழுமுன் ஒவ்வொரு மரத்திலிருந்தும் இலை எடுத்து டி.என்.ஏ.வைச் சேமிக்க வேண்டும். வெட்டித் தீர்ந்த வரிசைகளுக்குப் பதிலாகப் புதிய வரிசைகளை, இன்றைய குளோன்களையும் அவற்றின் பெற்றோரையும் சேர்த்து, அடுத்த மழைக்கு நட்டாக வேண்டும்.